மயிலாத்தா மல்லாந்த வாரம்

மயிலாத்தா காலையிலேயே மல்லாந்துவிட்டாள். பத்து மணிக்கு வெள்ளியங்கிரியும் மல்லாந்தார்.

யசோதா பதறவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அகலச் சிலந்தி எட்டுக் கால்களையும் பரப்பிக் கிடந்தது. பக்கத்துக் கட்டிலில் கணவர் கை கால் விரித்துக் கிடந்தார். மூச்சு நிமிடத்துக்கு ஒன்று. நாடி தட்டுப்படவில்லை. கோவையில் இப்போது அறுபது தாண்டியவர்கள் வீட்டிலெல்லாம் நடப்பதுதான். டாரன்டுலா தோலுரிக்கும்போது இழந்த காலைக்கூட முளைக்க வைத்துக்கொள்ளும். அந்த வித்தையை அதன் உடல்நீரிலிருந்து பிரித்து, உரிசொட்டு என்று மனிதனுக்குக் கொடுக்கிறார்கள். ஒருவருக்கு ஒரே சிலந்தி. அதை வீட்டிலேயே வளர்க்க வேண்டும். அது உரிக்கும் நாளில் ஆளும் உரிப்பார்; அதன் ஆயுள்தான் அவர் ஆயுளும்.

வெள்ளியங்கிரியின் தம்பி தங்கவேல் வந்த பிறகுதான் வீடு ரெண்டுபட்டது.

"அண்ணி, அண்ணன் போயிட்டாருங்க. உடம்பு ஜில்லுனு கெடக்குது. வண்டிக்குச் சொல்லிடறனுங்க."

"கைய எடுங்க தம்பி. தொட்டா புதுத்தோல் கிழிஞ்சு போயிரும்."

"நாடியே இல்லீங்க அண்ணி."

"மயிலாத்தாளைப் பாருங்க. செத்த சிலந்தி காலை உள்ள மடக்கிக் குப்புறக் கெடக்கும். மல்லாந்து கெடந்தா உரிக்குதுன்னு அர்த்தம். உங்கண்ணன் விரல் மடங்கியிருக்குதா? பக்கத்துத் தெருவுல ஒருத்தரை அவசரப்பட்டுக் கொண்டுபோய் எரிச்சுப்போட்டாங்க. மறுநாள் அவரோட சிலந்தி எந்திரிச்சு உக்காந்துதாம்."

"கரப்பான் திங்கற சனியனை நம்பி எங்கண்ணனைப் போட்டு வெச்சிருக்கறீங்க" என்று முனகிய தங்கவேல், போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாள் யசோதா கட்டிலை விட்டு நகரவில்லை. இந்தச் சொட்டுக்கு அவரைச் சம்மதிக்க வைத்தது அவள்தான். முட்டி வலியால் மூன்றாம் மாடியிலிருந்து இறங்கவே முடியாமல் கிடந்தவர் அவர். "நீங்க முன்னாடி போயிட்டா, நான் தனியா என்ன பண்ணுவன்?" என்று மூன்று வருடம் கெஞ்சினாள். தானே முதலில் குப்பாத்தா என்றொரு சிலந்தியை வாங்கிச் சொட்டும் எடுத்துக்கொண்டாள். கடைசியில் அவரும் ஒத்துக்கொண்டார். சொட்டு கொடுக்கும் நிலையத்தில் இருந்ததிலேயே குட்டியாக ஒன்றைக் கேட்டு வாங்கி, மயிலாத்தா என்று பேரும் வைத்தார். அது வீட்டில் உரித்து வளர்ந்த பிறகே அவருக்குச் சொட்டு கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் மயிலாத்தாவும் அவரும் எழுந்தார்கள். பழைய தோல் விரிப்பில் கிடக்க, வெள்ளியங்கிரி நாற்பது வயது முகத்தோடு முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பிடித்த அரிசிம்பருப்பு செய்து நெய் ஊற்றி வைத்தாள் யசோதா. அவர் தொடவில்லை.

"பசிக்கல யசோதா."

கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். ஒவ்வொரு முறையும் கதவில் விரல்களால் தாளம் தட்டிவிட்டுத் திரும்பினார். பெட்டிக்குள் மயிலாத்தாவும் கரப்பானைச் சீந்தாமல் முன்னங்கால்களால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

மதியம் நிலையத்துப் பெண் சுடர்விழி பரிசோதிக்க வந்தாள். உருப்பெருக்கியோடு பெட்டிமேல் குனிந்தவள் வெகுநேரம் நிமிரவில்லை.

"அம்மா, இதோட பழைய உரி எதையும் எங்களுக்குத் தரலீங்களா?"

"குப்பாத்தாளோடது கிழிஞ்சிருந்துச்சு, குடுத்துட்டன். மயிலாத்தாளோடது அத்தனை அழகு. அப்படியே சிலந்தியாட்டம் முழுசா இருந்துச்சு. அதான் கொலு பொம்மைகளோட வெச்சுட்டன்."

"உரியை வெச்சுத்தானுங்க ஆணா பொண்ணான்னு பார்ப்போம். குட்டியில வெளிய தெரியாது." சுடர்விழி முன்னங்காலைக் காட்டினாள். அதில் முள் போல ஒரு சின்னக் கொக்கி. "இது ஆணுங்க. இந்தக் கொக்கி கடைசி உரிப்புலதான் வரும்."

"கடைசின்னா?"

"ஆணுக்கு இதுக்கப்புறம் உரிப்பு இல்லீங்க. சாப்பிடாது. வளையில தங்காது. எங்கயாச்சும் போய்க்கிட்டே இருக்கும். கொஞ்ச மாசந்தான்."

யசோதாவின் கண் கதவில் தாளம் தட்டிக்கொண்டிருந்தவரிடம் போனது. அந்தப் பெண் பயந்துபோய், ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அடுத்த பெட்டியைப் பார்த்தாள்.

"உங்க குப்பாத்தா பொண்ணுதானுங்கம்மா. பதிவு இருக்குது. உங்களுக்கு முப்பது வருசத்துக்குக் கவலையே இல்லீங்க."

வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"சும்மா நடந்துட்டு வர்றன் யசோதா."

யசோதா பால்கனிக்கு ஓடினாள். "ஏனுங்க, சாப்பிட்டுட்டுப் போங்க. ஏனுங்க."

கைப்பிடியைத் தொடாமல் மூன்று மாடியும் இறங்கிவிட்டார் வெள்ளியங்கிரி. முதுகு நிமிர்ந்து, நொண்டாமல், இளவட்டம்போல வீசி வீசித் தெருமுனையைக் கடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நடையைப் பார்க்கத்தான் அவள் மூன்று வருடம் கெஞ்சியிருந்தாள்.