ஏற்றாத சொல்

காலை மணி அடித்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நெற்றிப்பட்டையை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்கள். தூத்துக்குடிக் கடல்சுவரை ஒட்டிய அந்தப் பள்ளியில் தினமும் முதல் வேலை சொல்லேற்றம்தான். மண்டைக்குள் லேசாகக் குறுகுறுக்கும். கண்ணைத் திறந்தால் அன்றைய சொற்கள் பொருளோடும் எழுத்தோடும் உள்ளே உட்கார்ந்திருக்கும். அன்றைக்கு எழுவாய், பயனிலை, பத்தி, முற்றுப்புள்ளி.

"எழுவாய்னா என்ன?" என்று கேட்டார் ரெஜினா டீச்சர். எல்லாரும் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். டீச்சர் தலையை ஆட்டிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய், இசக்கியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

முன் பெஞ்சில் இருந்த பெனிட்டாவின் கண்ணும் டீச்சர் கூடவே போனது. இசக்கி இந்த வருஷம்தான் சேர்ந்தவள். கைக்குழந்தையில் வந்த மூளைக்காய்ச்சலால் அவளுக்குப் பட்டை ஆகாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் அவளுக்கு மட்டும் டீச்சர் வாயால் சொல்லி, கைபிடித்து எழுத வைப்பார்.

"'இசக்கி மாங்கா தின்னா.' இதுல தின்னது யாரு?"

"நான் எங்க டீச்சர் தின்னேன்? நீங்க இன்னும் தரவே இல்லியே!"

டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அந்த 'யாரு'தான்டி எழுவாய். எழுது பாப்போம்."

இசக்கி 'எளுவாய்' என்று எழுதினாள். டீச்சர் அவள் விரலைப் பிடித்து ழகரத்தைச் சுழித்துக் காட்டினார். மறுபடி தானாகவே அவள் சரியாக எழுதியதும் கன்னத்தைத் தட்டி, "கெட்டிக்காரி!" என்றார்.

பெனிட்டாவை யாரும் அப்படிச் சொன்னதில்லை. எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த வகுப்பில் யாரைத்தான் புகழ்வது? அவள் வயிற்றுக்குள் என்னவோ எரிந்தது. பலகையை எடுத்துத் தப்பாக எழுதப் பார்த்தாள். விரல் தானாகவே ழகரத்துக்கு வளைந்தது. அழித்துவிட்டு எழுதினாள். மறுபடியும் அதே ழ.

"டீச்சர், எனக்கும் வரல."

டீச்சர் எட்டிப் பார்த்தார். "அழகா எழுதியிருக்கியேம்மா!" என்று சொல்லிவிட்டு இசக்கியிடம் திரும்பிக்கொண்டார்.

இசக்கியும் ஒரே ஒரு தடவை பட்டை போட்டுவிட்டால் டீச்சருக்கு அந்தப் பெஞ்சில் வேலை இருக்காது என்று பெனிட்டாவுக்குத் தோன்றியது. மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், குனிந்து எழுதிக்கொண்டிருந்த இசக்கியின் பின்னால் போய்த் தன் பட்டையை அவள் நெற்றியில் அழுத்திப் பொத்தானைத் தட்டினாள்.

பலகை கீழே விழுந்தது. பிறகு இசக்கி விழுந்தாள். கைகால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. பெனிட்டா அலறினாள். டீச்சர் ஓடிவந்து பட்டையைப் பிடுங்கி எறிந்து, இசக்கியை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் தலையை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"ஏன் இப்படிச் செஞ்ச?" என்று டீச்சர் பிறகு கேட்டார்.

பெனிட்டா வாயைத் திறந்தாள். எரிந்தது என்னவென்று உள்ளே தெரிந்தது. சொல்லத்தான் வார்த்தை இல்லை. "தெரியல டீச்சர்."

அது பொய்யில்லை. அந்த எரிச்சலுக்கான சொல் ஐந்தாம் வகுப்பில்தான் ஏற்றப்படும். சொல்லேற்றத்துக்குப் பழகிய பிள்ளைகளிடம், ஏற்றாத சொல் காதில் விழுந்தாலும் தங்காது. டீச்சருக்கு அது தெரியும். அவர் தலை குனிந்துகொண்டார்.

அடுத்த வாரம் இசக்கி மெலிந்துபோய்த் திரும்பி வந்தாள். பெனிட்டா அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏட்டி, உனக்கு எம்மேல பொறாம," என்றாள் இசக்கி.

"என்னது?"

"பொறாம!"

சத்தம் வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. "இன்னொருக்கா சொல்லு."

கேலி செய்கிறாள் என்று நினைத்து இசக்கி முறைத்தாள். பெனிட்டாவின் கண் நிறைந்திருந்தது. "நெசமாவே தெரியாதா?" என்று கேட்டாள் இசக்கி. "அடுத்தவளுக்குக் கெடச்சது நமக்கு இல்லியேன்னு வயிறு எரியும்லா, அது."

பெனிட்டாவின் கை வயிற்றுக்குப் போனது. "அதுக்குப் பேரு இருக்கா?"

இசக்கி பலகையில் பெரிதாக எழுதிக் காட்டினாள். பெனிட்டா பார்த்துப் பார்த்து எழுதினாள். நிமிர்ந்தால் மறந்தது. மறுபடி எழுதினாள். பார்க்காமல் எழுதியபோது 'பொராமை' என்று வந்தது.

"பெரிய ற போடணும்ட்டி."

"என்னை மன்னிச்சிரு, இசக்கி."

"அத அப்புறம் பாப்போம். மொதல்ல இத எழுது."

சாயங்காலம் அம்மாவோடு கடல்சுவர் ஓரமாக நடந்தபோது பெனிட்டாவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"என்னட்டி முணுமுணுக்க?"

"பொறாமை."

அம்மா நின்றுவிட்டாள். "அது ஒனக்கு இன்னும் வரக்கூடாதே. யாரு ஏத்துனா?"

"யாரும் ஏத்தலம்மா. நானே வச்சிருக்கேன்," என்றாள் பெனிட்டா. அதற்குள் நழுவிவிடுமோ என்று பயந்து, மறுபடியும் அவசரமாக முணுமுணுக்கத் தொடங்கினாள்.