பதினேழாம் எண் வந்திருக்கிறார்

பேராசிரியர் ராஜ்மோகனுக்குப் பேய் பயம் கிடையாது. அவர் பயந்தது தூசிக்குத்தான். தூசியை ஆராய்ச்சி செய்ய வந்தவர் தூசிக்குப் பயப்படலாமா என்று கேட்காதீர்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படியெல்லாம் கேட்கும் வழக்கம் இல்லை.

அன்று காலை பத்து மணிக்கு எங்கள் ஜீப் விருத்தாசலம் பீங்கான் பேட்டையில், மூடிக் கிடந்த ஒரு பழைய பட்டறைக் கூடத்தின் முன் நின்றது. அவர் இரண்டு முகமூடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு இறங்கினார். அந்தக் கூடத்தில் மாவு அரைத்து ஆறு வருடம் ஆகிறது. பக்கத்துப் பட்டறையில் பெண்கள் வெறும் முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு வெள்ளைக்கல் மாவை மூட்டை மூட்டையாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நான் துர்கா. அவரிடம் முனைவர் பட்டத்துக்குப் பதிந்திருந்த ஆராய்ச்சி மாணவி. அவரை ஏளனம் செய்யும் யோக்கியதை எனக்கு உண்டா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

ஆராய்ச்சி எளிமையானது. பட்டறைகளில் வேலை செய்யும் நாற்பது பேரை ஒரு மெஷினில் ஊதச் சொல்லி மூச்சின் அளவைக் குறிக்க வேண்டும். மூன்று வருடம் கழித்து அதே நாற்பது பேரை மறுபடி ஊதச் சொல்ல வேண்டும். மூச்சு குறைந்திருந்தால் கல்மாவு நுரையீரலைத் தின்கிறது என்று அறிக்கை போகும். பட்டறைகளில் தூசி உறிஞ்சும் விசிறி வைத்தே ஆக வேண்டும். குறையாவிட்டால் எல்லாம் இப்போது உள்ளபடியே நடக்கும்.

முதல் சுற்றில் பதினேழாம் எண் வீரம்மாள். முப்பத்தெட்டு வயது. மாவு அரைக்கும் மில்லில் பன்னிரண்டு வருடம் வேலை. மூக்கில் கிளிப்பை மாட்டி, அட்டைக் குழாயை வாயில் வைத்து, "ஊதுங்கக்கா, ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று நான் கத்தினேன். அவள் ஊதினாள். மெஷின் துப்பிய தாளில் அவள் மூச்சு இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது.

"எப்படி இருக்குது பாப்பா எனக்கு?" என்று கேட்டாள்.

முடிவை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது பேராசிரியரின் உத்தரவு. சொன்னால் பயந்துபோய் வேலையை விட்டுவிடுவார்களாம், ஆராய்ச்சி கெட்டுவிடுமாம். நான் சிரித்துக்கொண்டே, "நல்லா இருக்குதுக்கா. மூணு வருஷம் கழிச்சு வாங்க" என்று தேதி எழுதிய சீட்டைக் கொடுத்தேன்.

"கூப்பிட்டா வராம இருக்க மாட்டேன் பாப்பா."

இரண்டாம் சுற்றுக்கு எல்லோரையும் போனில் கூப்பிட்டேன். பதினோரு பேர் செத்துப்போயிருந்தார்கள். வீரம்மாளின் போனை அவள் மகள் எடுத்து, "அம்மா போயி ஏழு மாசம் ஆவுதுங்க" என்றாள். நான் பட்டியலோடு பேராசிரியரிடம் ஓடினேன். அவர் டீயை ஆற்றியபடியே கேட்டார்.

"செத்தது தூசியாலதான்னு சர்டிபிகேட் இருக்குதா?"

"இல்ல சார். காசநோய், நெஞ்சுவலின்னு எழுதியிருக்காங்க."

"அப்புறம் என்னம்மா? வரவில்லைன்னு எழுது. வந்தவங்கதான் கணக்கு."

நடந்து வர முடிந்தவன் வருவான். வந்தவனுக்கு மூச்சு நன்றாக இருக்கும். ஆகவே தூசியால் கெடுதல் இல்லை. இப்படிப்பட்ட அரிய கண்டுபிடிப்புகளுக்காகத்தான் அவர் சால்வைக்குமேல் சால்வையாக வாங்கி அலமாரியில் அடுக்கியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் என்பார்கள். இவர் பதினோரு பிணங்களை ஒரு சொல்லில் மறைத்தார். அதை எழுதியது என் பேனா.

இரண்டாம் சுற்றுக்காக ஜீப்பில் வந்திறங்கிய அன்று, கூடத்தில் மேசையைத் துடைக்கப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். மேசைமேல் ஒரு சீட்டு. எண் பதினேழு, வீரம்மாள், அன்றைய தேதி. ஓரமெல்லாம் ஈரக் களிமண். காலையிலேயே மகள் வந்து வைத்துவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்து ஓரமாக எடுத்து வைத்தேன்.

மூன்று மணிக்குள் உயிரோடிருந்த இருபத்தொன்பது பேரும் ஊதிவிட்டுப் போனார்கள். பேராசிரியர் மேசை விசிறிக்கு எதிரே உட்கார்ந்து, "இதுங்களுக்கு ஒழுங்கா ஊதக்கூடத் தெரியலை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்றார். தகரக் கூரை வெயிலில் படபடத்தது.

அப்போது ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். இருபது வயது இருக்கும். புருவத்திலெல்லாம் வெள்ளை மாவு.

"நான் வீரம்மா பொண்ணுங்க. அமுதவள்ளி. போன்ல பேசுனீங்களே."

"காலையிலயே வந்து சீட்டு வெச்சுட்டுப் போனியே, அப்பவே பாத்திருக்கலாமே" என்றேன்.

அவள் விழித்தாள். "எந்தச் சீட்டுக்கா? அத அம்மா கையிலயே வெச்சுத்தான் பொதைச்சோம். 'மூணு வருசத்துல கூப்புடுவாங்க, தொலைச்சுடாத'ன்னு சாவற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

என் கை மேசை ஓரத்துக்குப் போனது.

சீட்டு இன்னும் ஈரமாகவே இருந்தது.

அவள் அதைப் பார்க்கவில்லை. "அம்மாவுக்கு அன்னிக்கு மெஷின் என்னக்கா சொல்லிச்சு? இப்ப அம்மா வேலையிலதான் நான் இருக்கறேன். எனக்கும் சாயங்காலமானா மூச்சு வாங்குது. அம்மாவுக்கு அப்பவே இருந்துச்சுன்னா நான் நின்னுடலாம்னு பாக்கறேன்."

நான் பேராசிரியரைப் பார்த்தேன். அவர் என் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மல்மா. போ, போய் வேலையைப் பாரு" என்றார். என் ஆய்வேட்டில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"ஆமா அமுதவள்ளி. நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு இருமிக்கொண்டே போனாள். மணி மூன்றே கால்.

கரண்ட் போனது. விசிறி நின்றது. கூடத்தின் உள்ளே, பழைய சூளை இருந்த பக்கத்திலிருந்து ஒரு வாசனை வந்தது. அப்போதுதான் வெட்டிய களிமண்ணின் வாசனை. அதோடு மருந்து வாசனையும், கட்டிலில் வெகுநாள் கிடந்த உடம்பின் வாசனையும் இருந்தன.

நான் அணைத்து வைத்திருந்த மெஷினின் திரை எரிந்தது.

பதினேழு.

"பேட்டரி கோளாறு" என்றார் பேராசிரியர். எதற்கும் ஒரு காரணம் அவர் கைவசம் இருக்கும்.

காலி நாற்காலி சிமெண்டுத் தரையில் மெல்ல நகர்ந்தது, யாரோ தன் பாரத்தை அதில் இறக்கியது மாதிரி. பிறகு மூச்சு கேட்டது. ஈரத் துணியைக் கிழிக்கும் சத்தம். இழுக்க முடியாமல் இழுக்கும் மூச்சு. எனக்கு அது தெரியும். மூன்று வருடத்துக்கு முன்பு என் முகத்துக்கு நேரே கேட்ட மூச்சு.

பிரிக்காத உறைக்குள் இருந்த அட்டைக் குழாயின் நுனியில் வெள்ளையாக இரண்டு உதடுகள் பதிந்தன.

என் வாய் தானாகத் திறந்தது. "ஊதுங்கக்கா" என்றேன். "ஊதுங்க. ஊதுங்க. விடாதீங்க."

மெஷின் தாளைத் துப்பியது. கோடு மேலே எழவே இல்லை. அடியிலேயே நேராகப் போனது. திரையில் எண் மாறியது. இருபத்திரண்டு. நாற்காலி மறுபடி நகர்ந்தது. முப்பத்தொன்று. பதினோரு தடவை. வெயிலில் அடுப்பாகக் கிடந்த அந்தக் கூடத்தில் எனக்குப் பல் கிட்டியது.

பேராசிரியர் தாள்களைப் பிடுங்கிக் கிழித்தார். மேதைக்கு அந்த நேரத்திலும் தோன்றிய யோசனை அதுதான்.

"இவங்கல்லாம் வரலை! வரலைன்னு எழுதியாச்சு!" என்று கத்தினார்.

அவர் காதுக்கு மிக அருகில் ஒரு பெண் குரல், பணிவாகச் சொன்னது.

"வந்துட்டேன் சார்."

அவர் ஓடிய ஓட்டத்தில் இரண்டு முகமூடிகளும் கழன்று விழுந்தன.

அன்றே அமுதவள்ளியிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் வேலை செய்யும் பட்டறை நூறு அடி தூரம்தான். அவள் நம்பர் என் போனில் இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். கையெழுத்து வாங்கிய பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பதினோரு பெயருக்கு நேராகவும் 'வரவில்லை' என்று எழுதியிருந்ததை அப்படியே கொடுத்தேன். அறிக்கை போனது. விசிறிகள் வரவில்லை. எனக்கு டாக்டர் பட்டம் வந்தது. வீட்டு வாசலில் பெயர்ப் பலகை மாட்டினேன். தூ.

பத்து மாதம் கழித்து, போன வாரம், பேராசிரியர் போன் செய்தார். முதலில் யாரென்றே தெரியவில்லை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி இருந்தது.

"துர்கா... அந்த மெஷினு... என் ரூமுக்கு வந்துடுச்சும்மா. நான் கொண்டுவரலை. தெனம் மூணே காலுக்கு என் பேரு வருது. ஊதாம விட மாட்டேங்குதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாக. பிறகு அவருக்குப் பின்னால் கேட்டது. ஒரு பெண் குரல், என்னுடைய அதே ராகத்தில்.

"ஊதுங்க... ஊதுங்க... விடாதீங்க..."

அவர் ஊதினார். தாள் வெளியே வரும் சத்தமும் கேட்டது.

"நேத்தைவிடக் குறைஞ்சிருக்குதும்மா. உனக்குப் படிக்கத் தெரியுமே, சொல்லு. எப்படி இருக்குது எனக்கு?"

இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி சொன்னேன். "நல்லா இருக்குது சார். மூணு வருஷம் கழிச்சு வாங்க."

போனை வைத்தேன். மனசுக்கு இதமாக இருந்தது. ஒரு நிமிடம்தான்.

என் அறையில் களிமண் வாசனை வந்தது.

மேசையில் ஒரு சீட்டு கிடந்தது, ஈரமாக. எண் பதினேழு. கையெழுத்து என்னுடையது. பெயர் மட்டும் மாறியிருந்தது.

அமுதவள்ளி.

அவள் நம்பரை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் யாரோ எடுத்தார்கள். ஈரத் துணி கிழியும் சத்தம் மட்டும் கேட்டது.