துணை அண்ணன்

சோப்பு போட்டுத் தேய்த்தும் மகனின் வலது கையிலிருந்து சுண்ணாம்பு வாடை போகவில்லை.

"உன் துணை அண்ணன் படிக்க வர்றானா, வெள்ளையடிக்க வர்றானா?" என்று அவள் மகனைக் கிண்டலடித்தாள். பையன் சிரிக்கவில்லை.

பெரிய பள்ளிகளின் நுழைவுத் தேர்வுக்குப் பையன்களைத் தயார்செய்யும் தனியார் பள்ளி அது; அவள் அங்கேதான் டீச்சர், மகனையும் அந்த வாரம்தான் அங்கே சேர்த்திருந்தாள். நூற்றாண்டு மலருக்கு அதன் வரலாற்றை எழுதும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. புதிதாகச் சேரும் பொடியனை முதல் வாரம் முழுக்க மேல்வகுப்புப் பையன் ஒருவன் 'துணை அண்ணன்' என்று கைபிடித்துக் கூட்டிப்போவான். அவனாக விடும்வரை சின்னவன் கையை உதறக் கூடாது. இந்த வழக்கம் எப்படி வந்தது என்று மறுநாள் மாலை தலைமையாசிரியரிடம் கேட்டாள்.

"ஸ்கூல் ஆரம்பிச்ச புதுசுல அந்தப் பழைய ஹாலோட சுண்ணாம்புக் கூரை இடிஞ்சு விழுந்துச்சும்மா. பெரிய பையன் ஒருத்தன் புதுசா சேர்ந்தவனைக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தான். சின்னவன் பயத்துல உதறிட்டு ஓடித் தப்பிச்சிட்டான். பெரியவன் உள்ளயே... அதுக்கப்புறம்தான் இந்த வழக்கம். அதெல்லாம் மலர்ல வேண்டாம்."

"என் பையனுக்கு யார் சார் துணை?"

"இன்னும் யாரையும் போடலையே. பெரிய பசங்க எல்லாம் முகாம் போயிருக்காங்களே."

அவள் குறிப்புகளை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். மணி அடித்து வெகுநேரமாகியிருந்தது. வாசலில் ஈ காக்கை இல்லை. ஈரக் குடைகளின் நெடியும் ஓட்டின்மேல் மழை இரையும் சத்தமும் நிறைந்திருந்த நீண்ட வராந்தாவில், ஒவ்வொரு வகுப்பாக எட்டிப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள். மழைச் சத்தம் குறையக் குறைய சுண்ணாம்பு வாடை ஏறியது.

பழைய ஹாலின் கதவு திறந்திருந்தது. வாசற்படியில் மகன் நின்றான். போன உயிர் திரும்பி வந்தது. பாய்ந்து அவன் இடது கையைப் பிடித்து இழுத்தாள்.

அவன் அசையவில்லை.

வலது கை தோளுக்கு மேல் உயர்ந்து, கதவுக்குள், இருட்டுக்குள் நீண்டிருந்தது. விரல்கள் நசுங்கி வெளுத்திருந்தன. அவன் தலைமேல் சுண்ணாம்புப் பொடி உதிர்ந்துகொண்டிருந்தது.

"உதறுடா! கைய உதறு!"

"உதறக் கூடாதும்மா. அண்ணா உன்னைத்தான் விடச் சொல்றாங்க."

அவள் விடவில்லை. செத்தாலும் விட மாட்டாள். செருப்பு ஈரத் தரையில் வழுக்கியது. ஒரு அடி. இன்னொரு அடி. கால்கள் வாசற்படியைத் தாண்டின. கதவுச் சட்டத்தைப் பிடிக்க இருட்டில் இன்னொரு கையை நீட்டித் துழாவினாள்.

சில்லிட்ட ஒரு கை, பொறுமையாக, அதைப் பற்றிக்கொண்டது.