வெட்டுப்பட்ட நான்கு நிமிடம்

தணிக்கை அரங்கில் நாற்காலியில் உட்கார்ந்ததும் பெண்கள் செய்யவேண்டிய முதல் வேலை, தோட்டைக் கழற்றிக் கைப்பையில் போடுவது. வெட்கத்தை அளக்கும் நாணமானியின் இரண்டு பட்டைகளும் காதுமடலை ஒட்டி நிற்கும். நடுவில் உலோகம் இருந்தால் அளவு தவறிவிடும். நான்காம் நாற்காலியில் மிருதுளா திருகாணியைத் திருகிக்கொண்டிருந்தபோது ஏழாம் நாற்காலியை நோக்கி வந்தவளைப் பார்த்தாள். திருகாணி கைநழுவிக் கீழே ஓடியது.

வந்தவள் குனிந்து அதை எடுத்துக் கொடுத்தாள். “மிருதுளாதானே நீ? ஹார்பர் ஆபீஸ்ல என் பக்கத்து மேஜை. அடையாளமே தெரியல.”

“ஜெசி” என்றாள் மிருதுளா.

“குலுக்கல்ல என் பேர் விழுந்துச்சாம், பொதுமக்கள் பிரதிநிதின்னு. பெரம்பூர்ல பிள்ளைங்களுக்கு நீச்சல் சொல்லித் தரேன். சினிமாவைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? உட்காருங்க, மீதியை மெஷின் பாத்துக்கும்னு சொல்லிட்டாங்க.”

சொன்னது சரிதான். மீதியை எந்திரம்தான் பார்த்துக்கொண்டது. முன்பெல்லாம் தணிக்கைக் குழு என்றால் ஒன்பது பேர், ஒன்பது வாய். படம் ஓடும்போது இமைக்காமல் பார்த்தவர்தான் விளக்கு எரிந்ததும் முதல் ஆளாக ‘ஆபாசம்’ என்பார். அந்தக் கூத்துக்கு நாணமானி முடிவு கட்டியது. காதின் சூடு, கன்னத்து ரத்தம், உள்ளங்கை ஈரம் மூன்றையும் சேர்த்துப் பார்த்து, கோபம், ஆசை, பயம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, வெட்கத்தை மட்டும் நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும். எந்தக் காட்சியிலாவது ஒரே ஒருவர் தொண்ணூறைத் தாண்டினாலும் போதும், வெட்டுக்கருவி அதைத் தானே நறுக்கிவிடும். மேல்முறையீடு கிடையாது. தாண்டியவர் காரணத்தைப் படிவத்தில் எழுதி, எல்லார் முன்னாலும் வாசிக்கவேண்டும் என்பது மட்டும் பழைய காலத்திலிருந்து மிச்சமிருந்த சடங்கு.

ஆறு வருஷமாக மிருதுளா அந்த நாற்காலிக்கு வருகிறாள். அவளுடைய அளவு ஒருமுறைகூட நாற்பதைத் தொட்டதில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு.

அன்றைய படம் நூற்று நாற்பது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் கறுப்பு வெள்ளை. பேசும்படம் வந்த புதிதில், கட்டுப்பாடுகள் இறுகுவதற்குள் அவசர அவசரமாக எடுத்தது. அந்தக் காலத்தில் ஊர் ஊராகத் தடை வாங்கிய படம். கதாநாயகி டெல்மா ஒரு பெரிய ஓட்டலில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பவள். முதலாளிகளின் பேச்சை ஒட்டுக்கேட்டு, ஒவ்வொருவராக மயக்கிக் கவிழ்ப்பவள். மூன்றாவது முதலாளியின் மடியில் அவள் உட்கார்ந்து, அவன் சுருட்டை வாங்கித் தன் உதட்டில் வைத்துக்கொள்ளும் இடத்தில் சிரிப்பு எழுந்தது. பக்கத்துத் திரையில் ஒன்பது பேரின் சராசரி பதினொன்றில் நின்றது. இந்தக் காலத்தில் அதற்கெல்லாம் யார் வெட்கப்படுகிறார்கள்?

பிறகு படம் பின்னோக்கிப் போனது. டெல்மா இப்படி ஆவதற்கு ஐந்து வருஷம் முன்பு. வேறு ஒரு ஊர், வேறு ஒரு அலுவலகம். வெகுளியான டெல்மா கைகழுவும் அறையில் நின்று காலுறையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். அவளுக்கு அன்று காலைதான் பதவி உயர்வு வந்திருக்கிறது. உடன் வேலை செய்யும் ஒருத்தி அவள் கன்னத்தில் முத்தமிட்டு வாழ்த்துகிறாள். டெல்மா வெளியே போனதும் அதே பெண் பையிலிருந்து தாளை எடுத்து, கண்ணாடிக்கு அடியில் வைத்து, பெயர் போடாமல் எழுதுகிறாள்: மேலாளரை மயக்கித்தான் இவள் மேலே வந்தாள்.

மிருதுளாவுக்குக் காது எரிந்தது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்பு அவள் எழுதியது தாளில் இல்லை, புகார்ச் செயலியில். வாசகம் ஏறக்குறைய அதேதான். பதவி உயர்வும் அதற்குரிய மேஜையும் தனக்கு வரும் என்று இரண்டு வருஷம் காத்திருந்தவள் அவள். ஜெசிக்குக் கிடைத்ததும் முதல் ஆளாகப் போய்க் கைகுலுக்கியதும் அவள்தான். விசாரணை என்று ஆறு ஆண்கள் உட்கார்ந்து ஜெசியை என்னென்னவோ கேட்டார்கள். மூன்றாம் நாள் அவள் வேலையை விட்டுப் போனாள். மறுவாரம் மேஜை மிருதுளாவுக்கு வந்தது. ஒரு வார்த்தை உண்மை கிடையாது அந்தப் புகாரில்.

திரையில் டெல்மா தன் பொருள்களை அட்டைப்பெட்டியில் அள்ளிக்கொண்டு வாசலில் நின்றாள். “பேர் வாங்கியாச்சு, இனி அதன்படி வாழ்ந்து பார்க்கிறேன்” என்றாள். மிருதுளாவால் நிமிர முடியவில்லை.

விளக்கு எரிந்தது. எந்திர அலுவலர் இளம்பரிதி அளவுத்தாளைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார்.

“ஒரே ஒரு காட்சிதாங்க. கைகழுவுற ரூம். ரெண்டு நாற்காலி தாண்டியிருக்கு. முதல்ல நாலாம் நாற்காலி. தொண்ணூத்தி நாலு.”

எல்லாத் தலையும் திரும்பியது. இளம்பரிதி படிவத்தோடு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். “காலுறையை இழுத்து விடுறாளே, அதுதானே மேடம்? உடைன்னு டிக் பண்ணிடுங்க, முடிஞ்சுது.”

படிவத்தில் ஐந்து கட்டங்கள். உடை, தோரணை, பேச்சு, தொடுகை, மற்றவை. மிருதுளா ‘உடை’ கட்டத்தில் குறி போட்டாள். போட்ட பிறகுதான் உறைத்தது, செய்யாத தப்பை ஒருத்தி தலையில் கட்டி எழுதுவது இது இரண்டாவது தடவை என்று. படத்தில் நடித்த இந்த ஒருத்தி செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும், யாருக்கு நஷ்டம் என்று மனசு சமாதானம் சொல்லிப் பார்த்தது. மூன்று நாற்காலி தள்ளி இருந்தவள் சாகவில்லை. குறியை அடித்துவிட்டு ‘மற்றவை’யில் எழுதினாள். எழுந்து நின்று வாசித்தாள்.

“காட்சியில குறை ஒண்ணும் இல்ல. இதே மாதிரி பொய்ப் புகார் நானும் எழுதியிருக்கேன். ஜெசிந்தா மேல. அவங்க வேலை போனதுக்குக் காரணம் நான்தான்.”

ஜெசிந்தா அவளைப் பார்க்காமல் இளம்பரிதியைப் பார்த்தாள்.

“இன்னொரு நாற்காலி ஏழுதானே? எவ்வளவு?”

“தொண்ணூத்தி ஏழு.”

ஜெசிந்தா அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு மிருதுளா பக்கம் திரும்பினாள்.

“எழுதினது நீங்க. உங்களுக்குத் தொண்ணூத்தி நாலு. ஒண்ணும் செய்யாத எனக்குத் தொண்ணூத்தி ஏழு. இத்தனை வருஷமா உங்க பங்கையும் சேத்து நான்தான் சுமந்துட்டு இருந்திருக்கேன்.”

சற்றுமுன் ‘நீ’ என்றவள்தான். அந்த ‘நீங்க’ மிருதுளாவை அறைந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ஜெசிந்தா அதற்குள், “நாலு மணிக்கு நீச்சல் பேட்ச் இருக்கு” என்று பையை எடுத்துக்கொண்டாள்.

“மேடம், உங்க காரணம்?” என்றார் இளம்பரிதி.

“அவங்க வாசிச்சதையே போட்டுக்கோங்க” என்று சொல்லிவிட்டு அவள் வெளியேறினாள்.

மிருதுளா இளம்பரிதியிடம் கெஞ்சினாள். “அந்த சீனை வெட்டாதீங்க. வெட்கம் என்னோடதுதான், படத்தோடது இல்ல.”

“அது மெஷினுக்குத் தெரியாதுங்க” என்றார் அவர். வருத்தத்தோடுதான் சொன்னார். “நீங்க எழுந்து நின்னப்பவே நாலு நிமிஷத்தையும் வெட்டிடுச்சு.”

அடுத்த மாதம் படம் வெளியானது. மிருதுளா தனியாகப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். பொது அரங்குகளில் தோடு கழற்றவேண்டியதில்லை. அங்கே நாணமானி நாற்காலிகள் மொத்தத்துக்குச் சேர்த்து உத்தேசமாக ஒரு சராசரி எடுக்கும், அவ்வளவுதான்.

மடி வந்தது, சுருட்டு வந்தது, சிரிப்பும் வந்தது. பின்னோக்கிப் போன காட்சியில் டெல்மா கைகழுவும் அறைக்குள் நுழைந்தாள். அடுத்த கணம் அட்டைப்பெட்டியோடு வாசலில் நின்றாள். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

“பேர் வாங்கியாச்சு, இனி அதன்படி வாழ்ந்து பார்க்கிறேன்” என்றாள் டெல்மா.

“அங்கயும் ஏதோ பண்ணியிருப்பா” என்றாள் முன்வரிசைப் பெண், பக்கத்திலிருந்தவளிடம். “இவளுங்க பொறக்கும்போதே இப்படித்தான்.”

மிருதுளாவுக்குக் காதிரண்டும் கொதித்தன. இந்த முறை நூறையே தொட்டிருக்கும். படம் முடிந்து விளக்கு எரிந்தபோது, வழக்கம்போல அரங்கத்தின் மொத்த அளவு திரையில் ஒளிர்ந்தது. ஒருத்தியின் நூறை முந்நூறு பேருக்குப் பங்கிட்டால் என்ன வரும்?

‘நாணம்: பூஜ்யம் புள்ளி மூன்று. குடும்பத்துடன் பார்க்கத் தகுந்த படம்.’

எல்லாரும் கைதட்டினார்கள். முன்வரிசைப் பெண் திரும்பி, தட்டாமல் உட்கார்ந்திருந்த மிருதுளாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மிருதுளாவும் தட்டினாள்.