தேரிக்கு ஐந்து டிரம்

டெலிபோன் அலறியது!

சப்-இன்ஸ்பெக்டர் உபகாரம் அதை எடுக்கவில்லை. பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஐயா... எடுக்கட்டுங்களா?" கான்ஸ்டபிள் அருள்மணி கையை நீட்டினார்.

"எடுக்காதய்யா!"

"டி.எஸ்.பி. ஐயாவா இருந்தா?"

"அதுக்குத்தான் எடுக்காதங்கறேன்!"

1983 மார்ச். காலை எட்டு மணி. கொடைக்கானல் ஸ்டேஷன் ஜன்னலில் மூடுபனி இன்னும் விலகவில்லை. மேஜை மேல் ஒரு காகிதம். லீவு உத்தரவு. நாளை முதல் பத்து நாள்!

மலையில் பிறந்து, மலையில் வளர்ந்து, பாதி ஆயுளை ஸ்வெட்டருக்குள் கழித்துவிட்டவர் உபகாரம். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. பாலைவனம்! ராஜஸ்தானுக்குப் போகிற யோகம் இல்லை. ஆனால் திசையன்விளைப் பக்கம் தேரி இருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச்செவேலென்று மணல் மேடுகள். ரோடு கிடையாது. காற்றடித்தால் மேடே இடம் மாறும்.

இரண்டு ஜீப். மூன்று பேர். நாலு நாள் கூடாரம். மூன்று வருடமாகத் திட்டம்.

முதல் தடவை கிளம்பும்போது மந்திரி வந்தார். பந்தோபஸ்து! இரண்டாம் தடவை மலை சரிந்தது. மூன்றாம் தடவை ஒரு காட்டெருமை பேக்கரிக்குள் புகுந்து, வெளியே வர மாட்டேன் என்று நின்றது.

டெலிபோன் மணி நின்றது. உபகாரம் மூச்சு விட்டார்.

மறுபடி அலறியது!

அருள்மணிக்குப் பொறுக்கவில்லை. எடுத்துவிட்டார். கேட்டார். முகம் மாறியது.

"ஐயா... மூஞ்சிக்கல்லுலேர்ந்து. நம்ம சுப்புராஜ் அண்ணன் சம்சாரம் சோலையம்மா. அழுவுறாங்க. அண்ணனைக் காணோமாம். மூணு நாளா!"

உபகாரம் எழுந்தே விட்டார்.

சுப்புராஜ்! மாஜி ராணுவ டிரைவர். ராஜஸ்தான் மணலில் எட்டு வருடம் லாரி ஓட்டியவர். பயணத்துக்கு மூளையே அவர்தான். அவர் இல்லாமல் தேரிக்குள் போனால் முதல் மேட்டிலேயே ஜீப் படுத்துவிடும்.

'ஒண்ணு பின்னால ஒண்ணு போகக் கூடாது உபகாரம். முன்னால போற வண்டி மணலைக் கெளறிப்புடும், பின்னால வர்றது பொதையும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல போகணும். ஒண்ணு மாட்டுனா இன்னொண்ணு கயித்தைப் போட்டு இழுக்கும்...'

அண்ணன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது.

ரிசீவரைப் பிடுங்கினார்.

"நான்தான்மா பேசறேன். அழாதீங்க. அண்ணன் தேனியில தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்காரு. நேத்துத்தான் பயணத்துக்கு ஜீப்பு தர்ற நம்ம தண்டாயுதபாணி சொன்னாரு."

மறுமுனையில் அழுகை நின்றது.

"எந்தத் தங்கச்சிங்க?"

"தேனித் தங்கச்சி..."

"ஐயா, அவுக ஒத்தைப் பிள்ளை! கூடப் பொறந்தது ஒரு குருவிகூடக் கெடையாது!"

உபகாரத்தின் பார்வை லீவு காகிதத்தின் மேல் விழுந்தது. கர்த்தரே... இந்தத் தடவையுமா?

"கடைசியா எப்பம்மா பாத்தீங்க?"

"செவ்வாக்கெழமை. பண்ணைக்காட்டுக்கு, தண்டபாணி வீட்டுக்குப் போறேன்னு வெள்ளனே போனாக. அதுக்கு முந்தின நாளு அந்தாளு இங்க வந்திருந்தாரு. உள்ள ஒரே சத்தம். நான் அடுப்படில இருந்தேன். ஒண்ணே ஒண்ணுதான் காதுல விழுந்துச்சு..."

"என்ன?"

"'மணல்ல பொதைச்சுட்டா ஒருத்தனுக்கும் தெரியாது'ன்னு..."

"சொன்னது யாரு?"

"சத்தத்துல தெரியலீங்களே! ஐயா, எனக்கு என்னமோ போல இருக்கு. அவுக உசுரோட இருக்காகளான்னு மட்டும் சொல்லுங்க..."

உபகாரம் ரிசீவரை வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

*

ஸ்டேஷன் ஜீப் பெருமாள்மலையைத் தாண்டி இறங்கியது. அருள்மணி ஓட்டினார். உபகாரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணு வருசம்யா! கூடாரத்துக்கு முளைக்குச்சி மொதக்கொண்டு நானே செதுக்கினேன். மணல்ல சாதாரண முளை நிக்காதுன்னு ஒரு முழ நீளத்துக்கு! வீட்டுல லீமா கேக்குறா, 'மணலைப் பாக்குறதுக்கு இம்புட்டுப் பாடா? ஒரு லோடு எறக்கி வாசல்ல கொட்டட்டுமா'ன்னு!"

"கோச்சுக்காதீங்க ஐயா. அண்ணன் எங்கனயாச்சும் இருப்பாரு."

"இருந்தா தண்டபாணி எதுக்குப் பொய் சொல்லணும்?"

அருள்மணி கியரை மாற்றினார்.

தண்டாயுதபாணி பழனிக்காரர். பண்ணைக்காட்டில் காப்பித் தோட்டம், மிளகு, இரண்டு ஜீப். பயணத்துக்கு இரண்டு ஜீப்பையும் தருவது அவர்தான். ஒவ்வொரு முறை பயணம் ரத்தானபோதும் உபகாரத்தைவிட அதிகமாகத் துடித்துப் போனவர். காட்டெருமை விஷயத்தில் அவர் அழுதே விட்டார்!

என்ன சிநேகம் என்று உபகாரம் அன்றைக்கு நெகிழ்ந்து போயிருந்தார்.

இப்போது யோசித்தார்.

சுப்புராஜைக் கொன்றிருந்தால்... பிணத்தை என்ன செய்வான்? மலையில் புதைத்தால் நரி தோண்டும். தேரியில் புதைத்தால்? ஒரே காற்றில் இருபதடி மணல் மூடும்! வழியில் செக்போஸ்ட்? சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கிற ஜீப்பை எவன் நிறுத்துவான்?

என் பயணம்... என் மூன்று வருடக் கனவு... ஒரு பாடையா?

"வெரசா போய்யா!" என்று கத்தினார்.

*

தோட்டத்து வீட்டு முற்றத்தில் இரண்டு ஜீப்பும் தயாராக நின்றன. ஒன்றின் பின்னால் டிரெய்லர். தண்டாயுதபாணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தார்ப்பாய்க்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் சிரித்தார்.

"அட, சார்! நாளைக்குத்தானே கெளம்புறோம்? அதுக்குள்ள அவசரமா?"

"நம்மால பொறுக்க முடியல. சாமானெல்லாம் ஒரு தடவை சரி பாத்துருவோம்னு வந்தேன்."

"எல்லாம் ரெடி சார். யூனிபார்மைப் போட்டுக்கிட்டே வந்துருங்க. தேரியில போட்டோ எடுத்தா எடுப்பா இருக்கும்."

"சுப்புராஜ் அண்ணன்?"

"அவன்தான் சொன்னேனே... தேனியில..."

"தங்கச்சி வீட்டுல."

"ஆமா சார்."

உபகாரம் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். விரலை வைத்து நிதானமாகப் படித்தார்.

"கூடாரம். மண்வெட்டி. பலகை நாலு. கயிறு. மண்ணெண்ணெய் அடுப்பு. தண்ணி டிரம்... ரெண்டு."

தார்ப்பாயைச் சரக்கென்று இழுத்தார்.

டிரெய்லரில் நின்றவை... ஐந்து!

இடுப்பு உயரத் தகர டிரம்கள். மூன்றின் மூடியைச் சுற்றி மெழுகு வைத்து அடைத்திருந்தது.

"இதென்ன தண்டபாணி, அஞ்சு இருக்கு?"

"மிச்சம் மூணும் பெட்ரோல் சார். அத்துவானக் காடு. இருக்கட்டுமேன்னு..."

உபகாரம் டிரெய்லரின் விளிம்பைப் பிடித்து ஓங்கி உலுக்கினார். இரண்டு டிரம் சளக் சளக்கென்று அலம்பியது. மூன்று டிரம் மூச்சு விடவில்லை.

"உங்க ஊர்ப் பெட்ரோல் அலம்பாதோ?"

"சார்... அது..."

"அருள்மணி! அந்த மூணையும் தெற!"

"சார், வேணாம் சார்!" தண்டாயுதபாணி குறுக்கே விழுந்தார். முகம் வெளிறி, உதடு கோணிக்கொண்டது. "சார், உங்க காலைப் பிடிக்கிறேன்... தொறக்காதீங்க..."

உபகாரத்தின் கை ரிவால்வருக்குப் போனது. அண்ணே... உங்களையா இப்படி அடைச்சு வச்சிருக்கான்?

அருள்மணி கம்பியைக் கொடுத்து நெம்பினார்.

மூடி எகிறியது!

உபகாரம் ஒரு விநாடி கண்ணை மூடினார். பிறகு திறந்து எட்டிப் பார்த்தார்.

பிணம் இல்லை.

பச்சைப் பொட்டலங்கள்! பிளாஸ்டிக் தாளில் சுற்றி, செங்கல் செங்கலாக அடுக்கி... மூக்கில் குப்பென்று ஏறியது நாற்றம்.

"கஞ்சா ஐயா!" அருள்மணி அலறினார்.

தண்டாயுதபாணி தரையில் உட்கார்ந்துவிட்டார். உபகாரம் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"காப்பிச் செடிக்கு நடுவுல இதைப் போட்டியா? அண்ணன் பாத்துட்டாரு. எங்கிட்டச் சொல்லிருவேன்னாரு. அதனால தீர்த்துட்ட! சொல்லுடா, பொணம் எங்க?"

"பொணமா?" தண்டாயுதபாணி திருதிருவென்று விழித்தார். "யாரு பொணம் சார்?"

அப்போதுதான் வீட்டுக்குள் டெலிபோன் அலறியது!

தண்டாயுதபாணியின் கண்கள் வாசலுக்குப் போய்த் திரும்பின. பயம்! கஞ்சா டிரம்மைத் திறந்தபோதுகூட இல்லாத பயம்.

உபகாரம் அதைப் பார்த்துவிட்டார். அவரை இழுத்துக்கொண்டே உள்ளே போய் ரிசீவரை எடுத்தார்.

"திசையன்விளையிலேர்ந்து டிரங்க் கால். பேசுங்க..." என்றாள் ஆபரேட்டர்.

இரைச்சல். இரைச்சலுக்குள் ஒரு குரல்.

"ஏலே தண்டபாணி!"

உபகாரம் ரிசீவரைக் காதோடு அழுத்தினார். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். மூன்று வருடம் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்ட குரல்.

"ம்," என்றார். அதற்கு மேல் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

"சரக்கு ஏத்தியாச்சா? நான் இங்க மூணு நாளா எடம் பாத்து வச்சிருக்கேன். பெரிய மேட்டுக்குப் பின்னால பொதைச்சுட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. திங்கக்கெழமை கடல்லேர்ந்து போட்டுக்காரன் வந்து எடுத்துக்குவான். அதுவரைக்கும் அந்தப் போலீஸ்காரனுக்கு மணல் மேட்டைச் சுத்திக் காட்டு. கேக்குதா?"

"ம்."

"அவனை முன் சீட்டுலயே உக்கார வை. தொப்பி தெரிஞ்சாப் போதும், ஒரு செக்போஸ்ட்டும் கையை நீட்டாது. மூணு வருசமா அந்த மடையனுக்குப் பாடம் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்குது! இந்தத் தடவையாச்சும் கெளம்புவானா, மாட்டானா?"

உபகாரம் ரிசீவரைக் கையால் பொத்தினார். சுவரைப் பார்த்தார்.

அண்ணன் உயிரோடு இருக்கிறார். மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

எத்தனை சாயங்காலம்! டீயைக் குடித்துக்கொண்டு, மணலுக்கு டயர் காற்றை எவ்வளவு இறக்குவது, கூடாரத்தை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று... அத்தனையும் ஒரு தொப்பிக்காக!

ரிவால்வரைத் தண்டாயுதபாணியின் விலாவில் அழுத்தினார். ரிசீவரை அவர் காதில் வைத்தார்.

"கெளம்புறோம்னு சொல்லு," என்று கிசுகிசுத்தார். "குரல் நடுங்குச்சுன்னா... நீ கெடக்கிற எடத்துல காப்பி நல்லா வெளையும்!"

"க... கெளம்பிருவோம் சுப்புராஜ். நாளைக்கு விடிய. சார் ரொம்ப ஆசையா இருக்காரு..."

"அப்படியா? நல்லது. வெரசா வாங்க!"

லைன் அறுந்தது.

"ஐயா," என்றார் வாசலில் நின்ற அருள்மணி, தயங்கித் தயங்கி, "அப்ப பயணம் கேன்சலுங்களா?"

"கேன்சலா?" உபகாரம் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "இந்தத் தடவை மந்திரி வந்தாலும் சரி, மலையே வந்தாலும் சரி... போறோம்யா! இவனை லாக்கப்புல தள்ளு. டி.எஸ்.பி. ஐயாவுக்குப் போனைப் போடு. அந்த ரெண்டாவது ஜீப்புல நாலு கான்ஸ்டபிள். எல்லாரும் லுங்கியில!"

*

சனிக்கிழமை. சாயங்காலம் நாலரை மணி.

தேரி!

உபகாரம் கண்ட கனவைவிடச் சிவப்பாக இருந்தது. பனங்காட்டைத் தாண்டியதும் ரோடு செத்துப்போனது. மணல். மணலுக்கு அப்பால் மணல். டயர்க் காற்றைப் பாதியாக இறக்கினார்கள். இரண்டு ஜீப்பும் பக்கத்தில் பக்கத்தில், உறுமிக்கொண்டு மேடேறின. சக்கரத்தின் அடியில் பூமி நழுவியது. உபகாரமே ஓட்டினார்; ஸ்டியரிங் கையில் துள்ளியது. உபகாரத்தின் வாழ்க்கையில் மிக அழகான பத்து நிமிடம்.

அதை ரசிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

பெரிய மேட்டின் உச்சியில் ஓர் உருவம். கையில் மண்வெட்டி. முன் சீட்டில் தொப்பியைப் பார்த்ததும் சந்தோஷமாகக் கையை ஆட்டியது.

"வாங்க உபகாரம், வாங்க! நான் ஒரு நாள் முந்தியே வந்துட்டேன், எடம் பாக்கலாம்னு..."

உபகாரம் இறங்கவில்லை.

"சோலையம்மா அழுதுக்கிட்டு இருக்காங்கண்ணே. தேனியில உங்க தங்கச்சியும் தேடுறாங்க."

சுப்புராஜின் சிரிப்பு அப்படியே நின்றது. பார்வை டிரெய்லருக்குப் போனது. மூடி எகிறிய டிரம். அடுத்த ஜீப்பில் லுங்கி கட்டிய நாலு பேர். நாலு பேர் கையிலும் லத்தி!

மண்வெட்டியை வீசிவிட்டு ஓடினார்!

மணலில் எப்படி ஓட்ட வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுத்தவர். எப்படி ஓட வேண்டும் என்று தெரியவில்லை. ஒரு அடி வைத்தால் முழங்கால் வரை இறங்கியது. உபகாரத்தின் ஜீப் இடது பக்கம் வந்தது. இன்னொன்று வலது பக்கம். நடுவில் சுப்புராஜ். ஐம்பது கஜம் அப்படியே கூட வந்தார்கள். பிறகு அவரே குப்புற விழுந்தார்.

உபகாரமே இறங்கி வந்து விலங்கை மாட்டினார்.

"உபகாரம்..." சுப்புராஜ் வாயிலிருந்த மணலைத் துப்பினார். "நான் சொல்லிக் குடுத்தது ஒண்ணும் பொய்யில்லடா. நல்லாத்தான் ஓட்டுன."

"பேசாதீங்கண்ணே!"

உபகாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிவப்பு மேடுகளைப் பார்த்தார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது, சனியன்!

அருள்மணி மெல்ல அருகில் வந்தார்.

"ஐயா... திசையன்விளையிலேர்ந்து சோலையம்மாவுக்குத் தகவல் சொல்லணும்ல. புருஷன் உசுரோட இருக்காருன்னு சொல்லிரட்டுங்களா?"

"சொல்லு. பாவம், சந்தோசப்படட்டும்."

"வீட்டுக்கு எப்ப வருவாருன்னு கேப்பாங்களேய்யா?"

உபகாரம் தொப்பியைக் கழற்றி, அதிலிருந்த மணலைத் தட்டினார்.

"ஜட்ஜ் ஐயாவைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லு!"