ஏழாம் நம்பர் பனியன்

கயிற்றில் ஏழு பனியன்கள். ஆறு தொங்கின. ஏழாவது மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது.

காற்று என்றுதான் இருதயசாமி முதலில் நினைத்தார். ஆனால் ஐப்பசி மழைக்குப் பயந்து காலையிலேயே ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் கந்தலைத் திணித்தவர் அவரேதான். கடலூர் ஓல்ட் டவுனில் அன்று பெய்தது மழையே இல்லை, கெடில ஆற்றைத் தூக்கி ஓட்டின்மேல் கவிழ்த்த மாதிரி. மூடிய கூடத்துக்குள் ஈரப் பருத்தியும் பெயிண்டும் மண்ணெண்ணெயும் கலந்த நெடியில், சுவரிலிருந்த பல்லி இரண்டு தடவை பிடி நழுவிக் கீழே விழுந்துவிட்டது. அப்படிப்பட்ட அறையில் காற்று எங்கிருந்து வரும்?

வாரம் ஆறு நாள் தபாலாபீஸில் முத்திரை குத்துகிற கை, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மா கிடக்க மறுத்ததால் வந்த தொழில் இது. பனியனுக்குள் பலகையைச் செருகி, எழுத்து வெட்டிய தகட்டை மேலே வைத்து, பஞ்சால் பெயிண்டை ஒற்றி எடுத்தால் நம்பர் ரெடி. இருதயசாமி போட்ட எட்டைப் பார்த்து மயங்கி, புவனகிரி சடுகுடு கோஷ்டிக்காரன் ஒருவன் ஆளைப் பிடிக்க மறந்து நின்றான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பேச்சைக் கிளப்பியவர் அவரே.

தகடு என்பது பழைய எக்ஸ்ரே படம். சலவைச் சோடாத் தண்ணீரில் கொதிக்கவைத்துத் தேய்த்தால் எலும்பெல்லாம் கரைந்து கண்ணாடி போலாகிவிடும். கழுவாத படத்தில் அவர் கத்தி வைத்ததே இல்லை. இன்றைக்குத்தான் விறகு நனைந்து அடுப்பு பிடிக்கவில்லை. ஒரே ஒரு படம்தானே என்று அப்படியே வெட்டினார். யாருடையதோ ஒரு நெஞ்சு. அதன் நடுவில் ஏழு.

ஏழு, மரியலூர்துவுக்கு. மனைவி ரோசியின் ஒரே தம்பி. கடலூரில் சடுகுடு என்று ஆரம்பித்தால் பரங்கிப்பேட்டை தாண்டித்தான் மூச்சு விடுவான் என்று அவனைச் சொல்வார்கள். நாளைக்குச் சிதம்பரத்தில் ஆட்டம். நன்றாகப் பாடி வந்தால் மில்லில் வேலை என்று ஒரு பெரிய மனிதர் வாக்குக் கொடுத்திருந்தார். ரோசி கோயிலுக்குப் புறப்படும்போதுகூட, உள்ளறையில் படுத்திருக்கிற தம்பிக்குச் சளி, மழையில் விடாதீர்கள், உங்களை நம்பித்தான் விட்டுப் போகிறேன் என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

இருதயசாமி பனியனின் மார்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். உள்ளே போகவில்லை. சில்லென்று, கெட்டியாக, மெல்ல எதிர்த்துத் தள்ளியது. கையை எடுத்துக்கொண்டார். பிறகு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்தார், தலையில் தேய்த்தார், கடைசியில் முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். பல்பை இழுத்து அருகே பிடித்தபோது ஏழுக்கு இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் கோடுகள் தெரிந்தன. கீழே வளைந்த கோடுகள். ஒரு பக்கம் பன்னிரண்டு. பெயிண்ட் நெடிக்கு நடுவே புதிதாக ஒரு வாசனை. புளித்த காடி மாதிரி, கழுவாத எக்ஸ்ரே படத்தின் வாசனை.

கதவு தட்டப்பட்டது. அவர் குதித்த குதியில் பெயிண்ட் டப்பா உருண்டது.

உத்திராபதிதான். சிதம்பரத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் எக்ஸ்ரே எடுக்கிறவன், ஞாயிறானால் மாமியார் வீட்டுக்கு வருகிறவன், வேண்டாத படங்களைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து கொடுக்கிறவன். குடையை மடக்கியபடியே, போன வாரக் கட்டில் ஒரு படம் தவறி வந்துவிட்டது, அதைத் திருப்பிக் கொடு என்றான். மேசைமேல் கிடந்த தகட்டைப் பார்த்தான். நடுவில் ஏழு வடிவத்தில் ஓட்டை. அதற்குப் பிறகு அவன் உட்காரவில்லை.

"என்னா இருதயம், வெட்டிட்டியா?"

"ஆரு படம்யா அது?"

உத்திராபதி வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். திட்டக்குடிப் பக்கத்திலிருந்து படம் எடுக்க வந்த ஆள். சட்டையைக் கழற்றி, முகவாயைத் தூக்கி, கையை இடுப்பில் வைத்து, தோளை முன்னால் தள்ளி நிற்கச் சொன்னான் உத்திராபதி. ஆள் அப்படியே நின்றான். சொன்ன சொல் தட்டாத ஆள்.

"மூச்ச இழுத்துப் புடின்னேன். புடிச்சான். படம் எடுத்த நிமிஷம் கரண்டு போயிடுச்சு. நான் பீஸ் கட்டையப் பாக்கப் போயிட்டேன். வந்து பாத்தா அப்பிடியே நிக்கறான். செத்து நிக்கறான். விடுன்னு நான் சொல்லவே இல்ல இருதயம்."

மழை சற்று ஓய்ந்தது. அப்போதுதான் உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

சடுகுடு சடுகுடு சடுகுடு சடுகுடு.

இருதயசாமி கயிற்றைத் திரும்பிப் பார்த்தார். ஆறு பனியன்கள். ஏழாவது இருந்த இடத்தில் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே மரியலூர்து கண்ணாடி முன்னால் நின்றான். ஈரப் பனியன் உடம்போடு ஒட்டியிருந்தது. இருதயசாமியைப் பார்த்ததும் சிரித்து, மார்பிலிருந்த ஏழைத் தட்டிக் காட்டினான். பாட்டு நிற்கவில்லை.

"நல்லாருக்கு மச்சான். போதும், கழட்டு."

சடுகுடு சடுகுடு சடுகுடு.

சிரிப்பு போய்விட்டது. கண் மட்டும் பெரிதானது. மார்பு உயர்ந்தது. இறங்கவில்லை. பாட்டு நடக்க நடக்க இன்னும் உயர்ந்தது. இருதயசாமி தன் மூச்சை எண்ணினார். பத்து. இருபது. நாற்பது. அவன் ஒன்றுகூட இழுக்கவில்லை. பனியனைப் பிடித்து இழுத்தார். துணி தனியாக வரவில்லை. தோலும் கூடவே வந்தது. காடி வாசனை. உதடு நீலம். அப்புறம் பாட்டும் நின்றது. வாய் மூடிக்கொண்டது. மார்பு நிறைந்தே நின்றது.

இருதயசாமி கூடத்துக்கு ஓடி உத்திராபதியின் கழுத்துத் துண்டைப் பிடித்து இழுத்துவந்தார்.

"நீதானே சொல்லணும். சொல்லுய்யா."

உத்திராபதி துண்டை விடுவித்துக்கொண்டான். ஆயிரம் பேருக்குச் சொன்ன அதே குரலில் சொன்னான்.

"விடு."

விட்டது. ஒரு ஆள் விடுகிற மூச்சு இல்லை அது. காடி நெடியோடு, சில்லென்று, நீளமாக. பல்பு ஊசலாடியது. கண்ணாடி மங்கியது. பனியன் வற்றியது. வயிறு வற்றியது. விலா ஒவ்வொன்றாகத் துணிக்கு மேலே வந்தது. கடைசித் துளிவரை போய்விட்டது.

மரியலூர்து நின்றான். முகவாயைத் தூக்கி. கையை இடுப்பில் வைத்து. தோளை முன்னால் தள்ளி. கண் மட்டும் இருதயசாமியையும் உத்திராபதியையும் மாறி மாறிப் பார்த்தது. காத்திருந்தது.

அடுத்த சொல்லுக்கு.

"இழுன்னு சொல்லு. உத்திராபதி, இழுன்னு சொல்லு."

உத்திராபதி நின்ற இடம் காலி. வாசல் கதவு திறந்து கிடந்தது. தெருவில் தண்ணீரை மிதித்துக்கொண்டு ஓடுகிற சத்தம் தேய்ந்தது. வேறொரு சத்தம் நெருங்கியது. ரோசியின் செருப்பு.

இருதயசாமி தன் குரலிலேயே சொன்னார்.

"இழு. இழுடா மச்சான். இழு."

கூடத்தில், கயிற்றில், ஆறு பனியன்களும் மெல்லப் புடைத்தன.

உள்ளே, மரியலூர்துவின் மேல், ஏழாவது மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.