நாற்காலிக்கு ஒரு சாண் மேலே

மனிதனுக்குள் ஆண்டவர் வைத்த குணங்களில் எல்லாம் மேலானது இரக்கம். அறிவு மங்கும், அழகு வாடும், பதவி ஒருநாள் போய்விடும். இரக்கம் மட்டும்தான் கல்லறை வரைக்கும் கூடவே வரும். சேலையூர் வேதசிரோமணிக்கு அந்த இரக்கம், சபைக் கமிட்டித் தேர்தலுக்குத் தேதி அறிவித்த மறுநாள் வந்தது.

அவர் உதவித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சபைச் செயலாளர் பதவிக்கு நிற்கத் தீர்மானித்திருந்தார். எதிரே நின்றவர் ஃபிரெடி, வங்கி மேலாளர், வாலிபர் ஓட்டு மொத்தமும் அவர் பையில். அந்த வாலிபர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஜென்சி என்ற பெண் நடத்தும் விலங்குக் காப்பகத்துக்குப் போய் நாய்களைக் குளிப்பாட்டுகிறார்கள் என்று மனைவி ரத்தினபாய் பேச்சுவாக்கில் சொன்னாள். சாப்பிட்டு எழுவதற்குள் வேதசிரோமணியின் மனம் உருகிவிட்டது.

காப்பகத்தில் குட்டிகள் கம்பிக்குப் பின்னால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குதித்தன. கடைசிக் கூண்டில் மட்டும் ஒரு சாம்பல் நிறக் கிழப்பூனை முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. ஒரு காது நுனி கிழிந்திருந்தது. கண்ணில் பால் படர்ந்திருந்தது.

"குட்டிங்களுக்குப் போட்டி போட்டுகிட்டு வராங்க அங்கிள். இவளை யாரும் திரும்பிக்கூடப் பாக்கல" என்றாள் ஜென்சி. "பேரு பட்டு. முதல்ல ஃபாஸ்டரா, தற்காலிகமா வச்சுக்கோங்க, செட் ஆச்சுன்னா அடாப்ட் பண்ணிக்கலாம். ஆனா ஒண்ணு, திருப்பி மட்டும் கொண்டு வந்துடாதீங்க. வயசான பூனை அங்கிள், ரெண்டாவது தடவை கூண்டைத் தாங்காது."

"அம்மா ஜென்சி, கொடுத்த வாக்கை மாத்துற பழக்கம் எனக்குக் கிடையாது" என்றார் வேதசிரோமணி. சொல்லும்போது ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்த சபை வாலிபர்கள் பக்கம் திரும்பிச் சொன்னார்.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றபோது பக்கத்து வீட்டு கங்கையம்மாள் மதில்மேல் கையை ஊன்றி எட்டிப் பார்த்தாள். சேலையூர் வயலாக இருந்த நாளிலிருந்து அங்கே இருப்பவள். நிலத்தை மனைமனையாக விற்றவள். யாருக்கும் குரலைத் தாழ்த்தியவள் இல்லை.

"இன்னா சார், கெய்வி பூனையை இட்டுகினு வந்துகீற? எலி குறுக்கால போனாக்கூட இது எய்ந்திரிக்காதே!"

"எலி பிடிக்கிறதுக்கு இல்லம்மா. இரக்கம்."

"அது இன்னா கம்பெனி?" என்றாள் கங்கையம்மாள்.

பட்டு என்ற பெயர் அவருக்குச் சரிப்படவில்லை. வேதத்தில் தர்மகாரியங்களுக்குப் பேர் போன தபீத்தாளின் பெயரைச் சூட்டி, சபை வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு அறிவித்தார். கும்பிடும் கைகள் குவிந்தன. தபீத்தாள் என்று கூப்பிட்டால் பூனை காதைக்கூட அசைக்கவில்லை. ரத்தினபாய் ரகசியமாகப் பட்டு என்று கூப்பிட்டு மீன் வைத்தாள்.

கூடத்தில் மெத்தை வைத்த ஒரு தேக்கு நாற்காலி உண்டு. அவர் ஓய்வு பெற்றபோது பள்ளியில் கொடுத்தது, அவர் பெயர் செதுக்கிய பித்தளைத் தகடு பதித்தது. அவரைத் தவிர வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. வந்த மறுநாள் சாயங்காலம், கேம்ப் ரோடு வரை நடந்துவிட்டுத் திரும்பியவர், விளக்குப் போடாத கூடத்தில் பூனை அந்த நாற்காலியில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தார். விரட்டுவதற்காகக் கிட்டே போனார்.

அரைவெளிச்சத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டது. பூனை தூங்கியது. வயிறு ஏறி இறங்கியது. ஒரு முன்னங்கால் கீழே தொங்கியது. தொங்கிய கால் மெத்தையைத் தொடவில்லை.

குனிந்தார்.

பூனைக்கும் நாற்காலிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. அதன் வழியாக நாற்காலியின் முதுகுப் பலகை தெரிந்தது.

முப்பது வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவர். மேஜையிலிருந்து மர ஸ்கேலை எடுத்து, அந்த இடைவெளிக்குள் மெதுவாக நுழைத்தார். பாதி தூரம் போனது. பிறகு எதிலோ முட்டியது. கெட்டியான எதிலும் இல்லை. துணிக்குள் இருக்கும் சதையில் முட்டினால் கொஞ்சம் உள்வாங்கிவிட்டு நிற்குமே, அப்படி நின்றது.

பாச்சை உருண்டை மணத்தது. பெட்டியில் பல காலம் மடித்து வைத்த புடவையின் வாசனை.

பூனை பால் படர்ந்த கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. அதன் முதுகில் ரோமம் தலையிலிருந்து வால் வரைக்கும், ஒரு கை தடவிக்கொண்டு போனால் படியுமே, அதைப் போல நிதானமாகப் படிந்தது.

மறுபடியும் படிந்தது.

ஸ்கேல் கையிலிருந்து நழுவியது. சமையலறைக்கு ஓடினார்.

ரத்தினபாய் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதைக் கேட்டுத் தலை நிமிரவில்லை.

"நேத்தே பாத்தேன்" என்றாள்.

"பாத்துட்டுச் சும்மாவா இருந்த?"

"என்ன செய்யச் சொல்றீங்க? அவங்க பாட்டுக்கு உக்காந்திருக்காங்க. இந்த வீட்ல எங்கூடச் சும்மா உக்காந்திருக்கறதுக்கு வேற யாரு இருக்கா?"

தான் இருப்பதாக வேதசிரோமணி நினைத்துக்கொண்டிருந்தார். அதை விவாதிக்க அது நேரமில்லை. ஜெபித்து வைத்திருந்த ஒலிவ எண்ணெயை எடுத்து எல்லா நிலைப்படிகளிலும் பூசினார். தங்கள் சபைக்குப் பேய் நம்பிக்கை கிடையாது என்று மனைவிக்கு உரக்க விளக்கினார். விளக்கும்போது கூடத்துக்கு முதுகைக் காட்டாமல் நின்றுகொண்டார்.

காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கங்கையம்மாள் மதிலுக்கு மேலே முளைத்தாள்.

"சார், உங்க அக்காவா வந்துகீது?"

"யாரு?"

"அதான், அந்த சேர்ல குந்திகினு கீதே ஒரு அம்மா. பச்சை பொடவை. சாயந்தரம் ஜன்னல் வயியா பாத்து நான் கை காட்னேன், பாத்துகினே இருந்துச்சு. கண்ணே கொட்டல. இன்னா கர்வம் புடிச்ச குடும்பம் சார் உங்க குடும்பம்?"

அவர் குழாயை மூட மறந்து உள்ளே போய் ஜென்சியைக் கூப்பிட்டார். பூனை எங்கிருந்து வந்தது என்று, எதற்கோ சும்மா கேட்பது போலக் கேட்டார்.

ஜென்சி தயங்கினாள். "சொன்னா எடுத்துக்க மாட்டாங்கன்னுதான் அங்கிள் சொல்றதில்ல. இரும்புலியூர்ல ஹேமாவதின்னு ஒரு அம்மா, தபால் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க. தனியா இருந்தாங்க. சேர்லயே இறந்துட்டாங்க. கதவை உடைச்சுப் பாக்கும்போது இவ அவங்க மடியில இருந்தா. நாங்கதான் பிரிச்சு எடுத்தோம்."

"புடவை என்ன நிறம்?"

"அங்கிள்?"

"ஒண்ணுமில்லம்மா" என்றார். இறந்தவள் நம் சபை ஆள் இல்லை என்பதில் ஒரு நொடி நிம்மதி வந்தது.

அவருக்குக் கணக்கு எளிதாக இருந்தது. பூனையோடு வந்தது பூனையோடு போய்விடும். அன்று மதியமே கூடையை எடுத்தார். பூனை நாற்காலியின் மேல் அந்தரத்தில் இருந்தது. பிடித்து இழுத்தபோது உடனே வரவில்லை. அந்தப் பக்கத்திலிருந்தும் யாரோ பிடித்திருந்தார்கள். அவர் பலமாக இழுத்தார். பூனை ஒரு சத்தம் போட்டது. பிடி விட்டது.

"வேண்டாங்க" என்று ரத்தினபாய் கூடைக்கு முன்னால் வந்து நின்றாள். "பூனை போனாலும் அவங்க போக மாட்டாங்க. மடி காலியா இருக்கும். அதுதான் மோசம்."

"உளறாத."

ஜென்சியிடம் தனக்கு வீசிங் என்றார். மூச்சு இரைத்துக் காட்டினார். அவள் கூடையை வாங்கிக்கொண்டாள். பூனை கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்தது. சாப்பாட்டைத் தொடவில்லை. அந்த வாரமே செத்தது. வேதசிரோமணி குழுவில் நீண்ட இரங்கல் செய்தி எழுதினார். தபீத்தாளை இழந்த வேதனையில் தான் வாடுவதாகவும், உடல்நலம் மட்டும் இடம் கொடுத்திருந்தால் கடைசி வரை மடியில் வைத்துப் பாதுகாத்திருப்பேன் என்றும் எழுதினார். ஜென்சியைத் தவிர எல்லாரும் அழும் முகம் போட்டார்கள். இருபது ஓட்டாவது கூடியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலம் கூடத்தில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

தட், தட்.

உள்ளங்கையால் தொடையைத் தட்டும் சத்தம். பூனையை மடிக்கு அழைப்பவர்கள் தட்டுவார்களே, அது. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. பாச்சை உருண்டை வாசனை படுக்கையறை வரைக்கும் வந்தது.

தட், தட்.

பிறகு மெதுவாக, "பட்டு... வா."

மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாள் பொறுமை குறைந்து கொஞ்சம் வேகமாகத் தட்டியது. ரத்தினபாய் கூடத்துக்குப் போவதை நிறுத்தினாள். பூனை இருந்தவரைக்கும் அங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவள், இப்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாற்காலியை வெளியே தூக்கிப் போட வேதசிரோமணி ஒருமுறை கைப்பிடியைத் தொட்டார். அவர் மணிக்கட்டை யாரோ தடவிப் பார்த்தார்கள். ரோமம் போதுமா என்று பார்ப்பது போல.

ஏரியா ஜெபக்கூட்டம் வீட்டுக்கு வீடு மாறும் முறைப்படி அந்த வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் விழுந்தது. தேர்தலுக்கு முந்தைய கடைசிக் கூட்டம். முடியாது என்றால் ஃபிரெடி தன் வீட்டில் கேக்கும் கட்லெட்டுமாக நடத்திவிடுவார். ஆகவே முடியும் என்றார்.

சாயங்காலம் கூடம் நிரம்பியது. வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகளில் பெண்கள், பாயில் வாலிபர்கள், சோபாவில் போதகர். தேக்கு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. வேதசிரோமணி கதவோரம் தாழ்மையே உருவாக நின்றார். தட்டும் சத்தம் இல்லை. இத்தனை பேர் ஜெபத்துக்கு வந்ததில் அது ஓடிவிட்டது என்று அவருக்கு நம்பிக்கை பிறந்தது.

ஃபிரெடி தாமதமாக வந்தார். இடம் தேடிக் கண்ணைச் சுழற்றினார்.

"என்ன சிரோமணி அண்ணா, செயலாளர் சீட்டு காலியா இருக்கு? ஆசை விட்டுப் போச்சா? அப்ப நான் உக்காந்துடவா?"

கூடம் சிரித்தது. போதகரும் சிரித்தார்.

உட்காரவிட்டிருக்கலாம். பேயும் தீர்ந்திருக்கும், போட்டியும் தீர்ந்திருக்கும். அந்த யோசனை வேதசிரோமணிக்கு வராமல் இல்லை. ஆனால் தன் பெயர் பொறித்த நாற்காலியில், வாலிபர் அத்தனை பேர் பார்க்க, ஃபிரெடி. சமையலறை வாசலில் ரத்தினபாய் அவரையே பார்த்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அந்தக் கால் கொஞ்சம் ஆடும் தம்பி. உங்க வெயிட்டைத் தாங்காது" என்றபடி மூன்றே எட்டில் கூடத்தைக் கடந்து அவரே உட்கார்ந்தார்.

"ஜெபிப்போம்" என்றார் போதகர். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

அவருக்குக் கீழே மெத்தை இல்லை.

புடவை இருந்தது. புடவைக்குள் இரண்டு தொடைகள் இருந்தன.

எழப் பார்த்தார். இடுப்பைச் சுற்றி ஒரு கை வந்தது. மெலிந்த கை. விடவில்லை.

போதகர் நீண்ட ஜெபம் செய்பவர். தேசத் தலைவர்களுக்காகவும் மழைக்காகவும் வேண்டிவிட்டு, வாயில்லா ஜீவனுக்கும் மனம் இரங்கிய நம் அண்ணனுக்காக என்று ஆரம்பித்தார். அண்ணனின் உச்சந்தலையில் இன்னொரு கை பதிந்தது. நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் நிதானமாகத் தடவியது.

மறுபடியும் தடவியது.

கத்த வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. விரல்கள் தாடைக்குக் கீழே இறங்கிச் சொறிந்தன. அவருடைய தாடை தானாக உயர்ந்தது. கால்கள் தரையை விட்டு மேலே வந்து மடங்கின.

காதுக்குப் பக்கத்தில், மூச்சே இல்லாத ஒரு வாய், "வந்துட்டியா பட்டு" என்றது.

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. குர்ர் என்று, ஒரே சீராக, நிற்காமல். நிறுத்த முயன்றார். பிறகு முயலவில்லை.

"ஆமென்" என்றார் போதகர். கண்கள் திறந்தன. பெண்கள் வரிசையில் ஒருத்தி சின்னதாக அலறி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா..." என்றார் ஃபிரெடி.

வேதசிரோமணி சுருண்டு கிடந்தபடியே பாதிக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தார். சோம்பலாக, காது வரைக்கும் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டார். அதில் மேல்வரிசைப் பற்கள் மொத்தமாகக் கழன்று விழுந்தன. விழுந்தவை மெத்தைக்குப் போகவில்லை. அவர் முழங்காலுக்குப் பக்கத்தில், நாற்காலிக்கு ஒரு சாண் மேலே, அந்தரத்தில் நின்றன.

அவருக்குப் பல்செட் என்பது அன்றுவரை சபையில் யாருக்கும் தெரியாது.